லாபிஸ் மேட்டில் மூன்று டன்

செம்பனை ஆலைக்குப் போகிற சாலை
மேடேறி முடிய முப்பதடி இருக்கையில்
நின்றுபோனது எங்கள் மூன்று டன் லோரி.
எதிரே நாலு நம்பர் கடை.
வரிசையில் நின்றவர்கள் முதலில் செய்த காரியம்
அதன் எண்ணைக் குறித்துக்கொண்டது.

கியர்பெட்டிக்குள் ஏதோ அரைபட்டிருக்கிறது.
ஹைக்கல் ஸ்டியரிங்கை விடவில்லை,
ஓடுகிற வண்டியில் இருப்பவன்போல்
நேரே பார்க்கிறான்.
இறங்குடா என்றேன்,
மலாயில், இதைவிடக் கொஞ்சம் மரியாதையாக.

பின்தட்டில் ஆறு பெட்டி பயிற்சித் தோட்டா.
சார்ஜன் ஜெலானி ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணி
அடுத்த வண்டிக்கு ஏற்றிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
பேட்டரி வயரைக் கழற்றினேன்.
அதற்குப் பிறகுதான் அடியில் படுத்தேன்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று:
இந்த வண்டிக்குக் காற்றுப் போனால்
பிரேக் விட்டுப்போகாது,
இறுகிக்கொள்ளும்.
காற்று இருக்கிறவரைதான்
அது சக்கரத்தை ஓட விடுகிறது.
டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கை
நீள போல்ட் மாட்டித் திருகித் திருகிக்
கையால்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும்.
நான்கு டப்பா, நான்கு போல்ட்.
நான்காவது முடிந்த கணத்திலிருந்து
ஏழு டன் இரும்பை மேட்டில் பிடித்து வைப்பது
வெறும் மரக்கட்டை.
ஆகவே முதலில் இழுவைக் கம்பி, அப்புறம் சங்கிலி,
கடைசியில் போல்ட்.
பாடம் அப்படி.

சாலை அப்படி இல்லை.
மீட்பு வண்டி பின்வாங்கி வந்து
இரண்டு விரல் அதிகமாய் வந்துவிட்டது.
கம்பியின் கண் கொக்கியைத் தாண்டி நிற்கிறது.
முன்னே எடு என்றால் முழம் போகிறது,
பின்னே விடு என்றால் இடிக்கிறது.
செத்த வண்டிதான் நகர வேண்டும்,
இரண்டே விரல், பள்ளத்துப் பக்கம்.
எங்களிடம் இருந்த கட்டைகளில் ஒன்று
போன மழையிலேயே பிளந்தது.

பின்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று
அரை மணியாய் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
அடிப்பதை விட்டு இறங்கி வந்தார் பொன்னுரங்கம்,
தோளில் ஒரு கட்டை.
"கித்தாக் கட்டை தங்கச்சி.
நசுங்கும், ஒடையாது.
இருவது வருசமா என் லோரி இதுமேல சாஞ்சுதான் தூங்குது."
பின் டயருக்கும் அதற்கும் நடுவே
தன் இரண்டு விரலையே வைத்து அளந்தார்.

மூன்றாவது போல்ட். நான்காவது.
வெளியே வந்தேன். ஆட்களை எண்ணினேன்.
அடியில் யாருமில்லை.
மறுபடி எண்ணினேன்.
பழைய கட்டையில் கட்டிய கயிற்றை
ஹைக்கல் வெடுக்கென இழுத்தான்.

வண்டி நகர்ந்தது.
கித்தாக் கட்டை முனகியது.
கொக்கியில் கண் விழுந்தது, டக்.
நம்பர் கடை வரிசை கைதட்டியது.

அப்புறமெல்லாம் வழக்கம்.
சக்கரம் சுற்றினால் உடைந்த பெட்டியும் சுற்றி
எண்ணெயில்லாமல் வெந்துபோகும்,
அதனால் தண்டைக் கழற்றிப் பின்தட்டில் கட்டினோம்.
சங்கிலிகளைக் கம்பிக்கு அடியில்
குறுக்குமாறாய்ப் போட்டேன்.
கம்பி விட்டாலும் மூக்குத் தரையில் குத்தாமல்
தாங்கிக்கொள்ள ஓர் இரும்பு ஏணை.
சிவப்புத் துணி. கதவில் சாக்பீஸ் எழுத்து:
பிரேக் கிடையாது, ஆள் ஏறாதே.

உள்ளே உட்கார்ந்து வரட்டுமா என்றான் ஹைக்கல்.
எழுதியதைக் காட்டினேன்.
சிகாமட் வரை மணிக்கு இருபது.
வழியெல்லாம் பக்கக் கண்ணாடியிலேயே
கண்ணை வைத்திருந்தான்.

முகாம் பட்டியலில் கித்தாக் கட்டைக்கு இடமில்லை.
அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பொன்னுரங்கம் புரட்டிப் பார்த்தார்.
ஒரு பக்கம் எங்கள் டயரின் பல்வரிசை.
"ஒடையல" என்றார்.
அதைத் தன் பின்சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு,
"உங்க நம்பர்தான் விழல தங்கச்சி.
பத்து வெள்ளி போச்சு."